கணக்கில் தடுமாறும் குழந்தைகளுக்குச் சிறுகுழுத் தீவிரப் பயிற்சி கோரும் மனு

அனுப்புநர்:
ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள்,
பென்னாகரம், ஏரியூர் ஒன்றியங்கள்.

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: 3 முதல் 6ஆம் வகுப்பு வரை கணிதக் கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்குத் தனிப் பாடவேளை, சிறப்பாசிரியர், மதிப்பீட்டு முகாம் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பித்தும் சில குழந்தைகள் முதல் நிலையான அரும்பைவிட்டு நகர்வதில்லை. பெற்றோர் செங்கல் சூளைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போனதால் மாதக்கணக்கில் பள்ளி விட்டுப்போனவர்கள் ஒரு வகை. விட்டதைச் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். தவறாமல் வந்தும், நன்றாக வாசித்தும், எண் மட்டும் மனதில் நிற்காதவர்கள் வேறு வகை. இருவரையும் ‘மெல்லக் கற்போர்’ என ஒரே பட்டியலில் சேர்த்து, மாலையில் முப்பது பேரை உட்காரவைத்து அதே பாடத்தை மறுபடி நடத்தினால் இரண்டாம் வகையினருக்குப் பயனே இல்லை.

விடைத்தாள் இவர்களைக் காட்டிக்கொடுக்காது. தனியே அழைத்து, பதினைந்து நிமிடம் கணக்குப் போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். 8+5க்கு எட்டிலிருந்து மேலே எண்ணாமல் ஒன்றிலிருந்தே விரல் விடுவது, நூற்று ஐந்தை 1005 என எழுதுவது, 52–38க்கு 26 எனப் போடுவது (மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா எனப் பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிப்பது) எல்லாம் நான்காம் வகுப்பிலும் தொடர்ந்தால் அது கவனக்குறைவு அல்ல. எண்ணின் அளவும் இடமதிப்பும் பிடிபடவில்லை. வாய்ப்பாட்டை ஒப்பிக்கவைப்பது இதற்கு மருந்தாகாது.

எனவே, மூன்று நான்கு பேர் கொண்ட குழுவாக, வாரம் 4 நாள், நாளுக்கு 30 நிமிடம், 12 வாரம் பயிற்சி தர ஆணையிடக் கோருகிறோம். கணிதப் பாடவேளையை இதற்கு எடுக்கக் கூடாது. விளையாட்டு வேளையை எடுத்தால் குழந்தை அதைத் தண்டனையாகவே நினைக்கும்.

குழுவுக்கு 120 ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும் போதும். பத்துப் பத்தாகக் கட்டி, 52இல் ஒரு கட்டை அவிழ்த்து, சேர்ந்த 12 குச்சியிலிருந்து எட்டை எடுக்க வேண்டும். அதையே படமாக வரைந்த பிறகுதான் எண்ணாக எழுதுவது. குச்சியை வைத்துவிட்டு நேரே கரும்பலகைக்குத் தாவுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்துக் கேள்வி கேட்டுப் பதிந்தால் யார் ஏறுகிறார், யார் நிற்கிறார் என்பது தெரிந்துவிடும்.

வட்டார வள மையச் சிறப்பாசிரியர் ஒவ்வொரு பள்ளிக்கும் வாரத்தில் ஒரு நாள் நிலையாக வர வேண்டும். அந்த நாளில் எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களுக்கான இணையதளம்) பதிவேற்றப் பணிக்கு அவரை அழைக்கக் கூடாது.

12 வாரத்துக்குப் பிறகும் முன்னேறாதவர்களுக்கு முறையான மதிப்பீடு தேவை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 கற்றல் குறைபாட்டையும் ஏற்கிறது. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். ஆனால் அதற்காகத் தருமபுரிக்கு அலைவதென்றால் பெற்றோருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். பருவத்துக்கு ஒருமுறை உளவியலாளருடன் பென்னாகரத்திலேயே முகாம் நடத்த வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள்

இடம்: பென்னாகரம்
நகல்: வட்டாரக் கல்வி அலுவலர்கள், பென்னாகரம், ஏரியூர்