பாஹியங்கல குகை மனிதரைத் தமிழ்ப் பிள்ளைகளும் அறிய வழிசெய்யக் கோரும் மனு

பணிப்பாளர் நாயகம்,
தொல்பொருளியல் திணைக்களம்,
சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தை,
கொழும்பு 07.

பொருள்: பாஹியங்கல அகழ்வுகள் பற்றிய தமிழ்க் கைந்நூல், மாதிரி உருக்கள், தமிழில் விளக்கக்கூடிய அலுவலருடன் ஒரு களப்பயணம் கோரல்

மதிப்பிற்குரிய பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,

களுத்துறை மாவட்டத்தின் இறப்பர் தோட்டங்களை அண்டிய தமிழ்மொழிப் பாடசாலை ஒன்றில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களும், அங்கு பயிலும் பிள்ளைகளின் பெற்றோரும் சேர்ந்து இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

புளத்சிங்களவை அடுத்த யட்டகம்பிட்டியவிலுள்ள பாஹியங்கல குகை எங்களுக்கு அக்கம்பக்கம். தென்னாசியாவில் இதுவரை கிடைத்துள்ள நவீன மனித எச்சங்களுள் மிகப் பழையவை அந்தக் குகை மண்ணுக்குள் இருந்தவை. எங்கள் மாணவருக்கோ அது சாதாரண தரப் பரீட்சைக்காக மனனம் செய்யும் பெயர்களில் ஒன்று. பலாங்கொடை மனிதன் (இலங்கையின் வரலாற்றுக்கு முற்பட்ட மனிதர்) வாழ்ந்த இடங்கள் மூன்றைத் தருக என்றால் பாஹியங்கல, குருவிட்ட பட்டதொம்பலென, கித்துல்கல பெலிலென என்று மளமளவென எழுதிவிடுவார்கள். அந்த மனிதர் எதை வேட்டையாடினார் என்று கேட்டால், கார்ட்டூனில் பார்த்த சடை முடி யானையைச் சொல்கிறார்கள்.

உண்மையில் அவர்கள் வேட்டையாடியது குரங்கு, மந்தி, மலை அணில். இன்றும் எங்கள் லயன் கூரைகளில் தாவுகிற அதே குரங்கின் இனம்தான். மரத்தின் உச்சியில் ஓடித் திரியும் பிராணியைப் பிடிப்பது பெரிய விலங்கைத் துரத்துவதைவிடக் கடினமான காரியம். 2019இலும் 2020இலும் வெளியான ஆய்வுகள் இதைத்தான் விளக்குகின்றன. குரங்கு எலும்பையே கூராக்கி, ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன் அம்புமுனை செய்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில் அம்பு இருந்ததற்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. தோலோ நாரோ பதப்படுத்தும் எலும்புக் கருவிகளும், காவிக்கல்லில் செய்த மணிகளும், கடற்கரையிலிருந்து வந்த சிப்பி மணிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. கடலைக் காணாமலே வளரும் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தச் சிப்பி மணி ஒன்றைக் காட்டினால், பாடம் அன்றைக்கே புரிந்துவிடும் என்பது எங்கள் அனுபவ நம்பிக்கை.

மழைக்காட்டில் ஆதி மனிதர் நிலைத்து வாழ்ந்திருக்க முடியாது என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் கருதினார்கள். அதைப் புரட்டிப் போட்டது நம்முடைய ஈர வலயக் குகைகள். பண்டைய மனிதர் 26 பேருடைய பல் எனாமலைப் பரிசோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மழைக்காட்டு உணவையே நம்பி வாழ்ந்ததைக் காட்டியது. காட்டு ஈரப்பலாவும் கெக்குன என்னும் காட்டு மரத்தின் விதையும் அவர்கள் உணவாக இருந்தன. இவையெல்லாம் ஆங்கில ஆய்விதழ்களில் இருக்கின்றன. ஆசிரியர்களாகிய நாங்களே அகராதியை வைத்துக்கொண்டு படிக்கிறோம். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுக்க முடியுமா?

ஆண்டுக் கணக்கு எங்களை இன்னும் சங்கடப்படுத்துகிறது. 1968இல் கலாநிதி சிரான் தெரணியகல தொடங்கிய அகழ்வு, 1986இல் நடந்த அகழ்வு, அதன் பின் 2009, 2012 அகழ்வுகள் என்று ஒவ்வொரு கட்டத்திலும் காலக்கணிப்பு நுணுக்கமாகிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு நூலில் 30,000 சொச்சம், இன்னொன்றில் 38,000, புதிய ஆய்வில் 48,000. கரிமக் கணிப்பை (எச்சத்திலுள்ள கரிமத்தை அளந்து வயது காண்பதை) திருத்தாமல் எழுதுவதும் திருத்தி எழுதுவதும் ஒரு காரணம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் பரீட்சைத் தாளில் எதை எழுதுவது என்று பிள்ளை கேட்கும்போது, திணைக்களத்தின் கூற்று என்று காட்ட ஒரு தமிழ்த் தாள் கையில் இருந்தால் எவ்வளவோ உதவி.

ஆகவே முதலாவதாகக் கேட்பது ஒரு சிறு கைந்நூல். இருபது பக்கம் போதும், வண்ணப்படம் நிறைய வேண்டும். குகைவாரியாக எந்த மண்படையில் (மண் அடுக்கில்) என்ன கிடைத்தது, அதன் காலம் என்ன என்று திணைக்களமே பொறுப்பேற்றுச் சொல்வதாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க எங்கள் ஆசிரியர்கள் ஊதியமின்றி உதவத் தயார். சிங்களத்தில் எழுதியதை இயந்திரத்தில் போட்டுத் தமிழாக்கி அச்சிட மட்டும் வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்கிறோம்.

அடுத்தது மாதிரி உருக்கள். மூல எலும்புகளைக் கேட்கவில்லை. அவை இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கட்டும். தாடை, பல், எலும்பு அம்புமுனை, மணி ஆகியவற்றின் வார்ப்புகள் ஒரு பெட்டியில் இருந்தால் பாடசாலைக்குப் பாடசாலை கைமாறிப் போகும். நுண்கற்கருவியின் மாதிரி கட்டாயம் வேண்டும். படத்தில் கோடரி அளவுக்குத் தெரிகிற அந்தக் கருவி உண்மையில் விரல் நகத்தளவுதான் என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓடையில் பொறுக்கிய வெள்ளைக்கல் துண்டுகளை டிபன் பெட்டியில் கொண்டுவந்து, "சேர், இது அவங்க செதுக்குனதா, இல்ல தானா ஒடஞ்சதா?" என்று கேட்டாள். மனிதர் செதுக்கியதா என்று அறிய, தட்டிய இடத்தில் தெரியும் மேட்டைப் பார்க்க வேண்டும் என்று படித்திருக்கிறோம். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தீர்மானிக்கத் தெரியவில்லை.

இதைச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. தோட்டங்களைச் சுற்றிச் சிறிய கற்குகைகள் பல இருக்கின்றன. புதையல் தோண்டுவோர் நாட்டின் பல இடங்களில் இப்படிப்பட்ட குகைகளின் மண்ணைக் கிளறி எறிந்திருக்கிறார்கள். கிளறிய மண்ணில் எலும்பு கிடைத்தாலும் எந்தப் படைக்குரியது என்று சொல்ல வழியில்லை. அனுமதியின்றித் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். எதையாவது கண்டால் யாரிடம், எந்த இலக்கத்தில், தமிழில் அறிவிப்பது என்பதையும் கைந்நூலின் பின்னட்டையில் அச்சிட்டுத் தர வேண்டும். விறகு பொறுக்கவும் பால் வெட்டவும் அதிகாலையில் நடமாடுபவர்கள் எங்கள் மக்கள்தான். யாரும் காணாததை முதலில் காண்பவர்களும் அவர்களே.

மூன்றாவது களப்பயணம். பாஹியங்கல ஒரு விகாரையும் ஆதலால், விகாராதிபதி தேரரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவதை எங்கள் பொறுப்பாக ஏற்கிறோம். சீன யாத்திரிகர் பாஹியன் அங்கே தங்கினார் என்று சொல்லப்படும் கதை பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும், அதையும் கேட்கட்டும். அகழ்ந்த இடத்தருகே நின்று, அந்தத் துறை தெரிந்த ஒருவர் தமிழில் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை தமிழையும் அரசகரும மொழியாக ஏற்றிருக்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதை வைத்து வாதாட இம்மனுவை எழுதவில்லை. தமிழ் தெரிந்த அலுவலர் ஒருவரை ஒரு நாளைக்கு விடுவித்தால் போதும். பஸ் வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள்.

மே மாதத்தில் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் குகைக்கு ஏறும் படிகளில் சிறு பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல முடியாது. ஆகையால் பெப்ரவரி அல்லது மார்ச்சில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கித் தந்து, திகதியை ஒரு மாதம் முன்னதாக அறியத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
வரலாற்றுப் பாட ஆசிரியர்களும் பெற்றோரும்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதி: வலயக் கல்விப் பணிப்பாளர்