சில்லர் வேண்டாம், கீற்று வாங்கு

கரூர்,
பங்குனி கடைசி வாரம்

அன்புள்ள செல்வம்,

உன் இரண்டு கடிதமும் வந்து சேர்ந்தன. கல்யாண வேலையில் பதில் போட முடியாமல் போய்விட்டது. இளையவள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சம்பந்தி வீட்டார் தங்கமானவர்கள். கணபதி வழக்கம்போல் பந்தியில் நின்று எல்லோரையும் அதட்டி அதட்டிச் சாப்பிட வைத்தான். மேரி டீச்சர் உன்னைத்தான் முதலில் கேட்டார்கள். நீ வராத கணக்கை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

உன் இரண்டாவது கடிதத்தில், கடைசிக்கு முந்தின பத்தியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். சித்ராவின் வளையலை அடகு வைத்து மீன் தொட்டிக்கு ஒரு சில்லர், அதுதான் தண்ணீரைக் குளிரவைக்கிற மெஷின், வாங்கப் போகிறேன் என்று. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்த வளையல் என்று எனக்குத் தெரியும். அது அவள் அம்மா போட்டது. தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அதைத் தொடாதே.

நீ கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால் தொட்டியைக் கேட்டிருக்க வேண்டும். எந்தச் சிக்கலானாலும் மெஷின்தான் தீர்வு உனக்கு. ஹாஸ்டலில் அந்த ஹீட்டர் கம்பி விவகாரத்திலேயே பார்த்தோமே!

கணக்காகவே சொல்கிறேன். உன் தொட்டி அளவு 1,000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 யூனிட் வேண்டும், கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட். சித்திரை வெயில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு நாள் முழுக்க இறக்கும் சூடு ஏறக்குறைய 6 யூனிட். நீ அனுப்பிய படத்தில் தொட்டி வாய் திறந்து கிடக்கிறது, மீன் தண்ணீரைப் பாய்ச்சிச் செடி வளர்க்கிற ஜல்லித் தொட்டி இரண்டும் மொட்டை வெயிலில் நிற்கின்றன. எல்லாம் சேர்த்து மூன்று சதுர மீட்டர் இருக்கும். 18 யூனிட்டில் பாதி தண்ணீருக்குள் போனாலே ஏழெட்டு டிகிரி ஏறிவிடும். மதியம் மூன்று மணிக்கு 36 காட்டுகிறது என்று எழுதியிருக்கிறாய். காட்டாமல் என்ன செய்யும்? வெயில் உள்ளே வருகிறவரை சில்லர் பகல் முழுக்க ஓடியாக வேண்டும். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும்.

ஐஸ் பாட்டில் போடுவதையும் இன்றோடு நிறுத்து. ஒரு கிலோ ஐஸ் முழுக்க உருகி 30 டிகிரிக்கு வந்து சேர்ந்தாலும் 1,000 லிட்டரில் குறைவது 0.1 டிகிரிதான். அந்த ஐஸை உறைய வைக்க ஃப்ரிட்ஜ் துப்புகிற சூடு சித்ராவின் சமையலறைக்குப் போகிறது, பாவம் அவள்.

நம் ஊரில் தண்ணீரைக் குளிரவைக்கப் பார்க்கக் கூடாது, சூடேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போன சித்திரையிலிருந்து நான் இதைத்தான் செய்கிறேன். வெளியே 40 அடிக்கிற நாளிலும் என் தொட்டி 31ஐத் தாண்டுவதில்லை.

முதலில் தென்னங்கீற்று. ஏப்ரல் மூன்றாவது வாரம் சூரியன் உன் கடலூருக்கு நேர் தலைக்கு மேல் நிற்கும். பக்கவாட்டில் எதைக் கட்டினாலும் உச்சி வெயிலுக்கு உதவாது. தொட்டிக்கு மேல் ஏழடி உயரத்தில் கீற்றுப் பந்தல் போடு, காற்று புகுந்து வெளியேற இடம் விடு. மேற்கே மட்டும் தாழ இறக்கிக் கட்டு, சாயங்கால வெயில் அந்தப் பக்கமாகத்தான் நுழையும். ஜல்லித் தொட்டிக்குக் கீற்று ஆகாது, செடிக்கு வெளிச்சம் வேண்டும். அதன்மேல் 50 சதவீத நிழல் வலை போதும். தொட்டியின் வெளிப்பக்கத்துக்கு முதலில் கறுப்புப் பெயின்ட் ஒரு கோட், அது காய்ந்ததும் மேலே வெள்ளை. கறுப்பு வெளிச்சத்தை மறைத்துப் பாசியைத் தடுக்கும், வெள்ளை சூட்டைத் திருப்பி விடும்.

அடுத்தது குழாய். இதை யாரும் கவனிப்பதில்லை. உன் வீட்டில் சுவரை ஒட்டி ஓடுகிறதே அந்தக் கறுப்புக் குழாய், மதியம் பம்பு நின்று ஓடும்போது அதிலிருந்து முதலில் வருகிற தண்ணீரைக் கையில் பிடித்துப் பார். என் வீட்டில் பிடித்தவுடன் கையை உதறிவிட்டேன், டீ போடலாம் போல இருந்தது. குழாயை ஒரு முழம் ஆழத்தில் புதை, முடியாத இடத்தில் வைக்கோல் பிரி சுற்று. ஜல்லியிலும் அப்படித்தான். மேல் இரண்டு அங்குலத்தில் விரலை வைக்க முடியாது, அதற்குக் கீழே தோண்டினால் சில்லென்று இருக்கும். ஜல்லித் தொட்டித் தண்ணீரை மீன் தொட்டிக்குத் திருப்பி இறக்குகிற சைபன் குழாயின் உயரத்தைக் குறைத்து, தண்ணீர் அந்த இரண்டு அங்குலத்துக்குக் கீழேயே நிற்கும்படி செய். மேலே வைக்கோல் பரப்பு.

மூன்றாவது, பம்புக்கு டைமர். பகலில் மணிக்குப் பதினைந்து நிமிஷம் பம்பு ஓடினால் போதும், மீன் கழிவைச் செடிக்கு உரமாக்குகிற ஜல்லி பாக்டீரியா காயாது. இருட்டியதும் விடியும்வரை நிறுத்தாமல் ஓடட்டும். பகலில் சூட்டை வாங்கித் தொட்டிக்குள் இறக்குகிற அதே ஜல்லி, ராத்திரியில் சூட்டை வெளியே விடும். திரும்பி வருகிற குழாயின் முனையில் ஓட்டை போட்டு மழை மாதிரி விழச் செய். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,000 லிட்டரில் அரை டிகிரிக்கு மேல் குறையும். ஒரு கிலோ ஐஸோடு ஒப்பிட்டுப் பார்!

இங்கேதான் உன் ஊரும் என் ஊரும் பிரிகின்றன. கரூரில் மதியக் காற்று காய்ந்து கிடக்கும், மண்பானை மாதிரி ஈரச்சாக்கு சுற்றினாலே தொட்டி குளிரும். உனக்கோ மதியத்துக்கு மேல் கடல்காற்று ஈரத்தோடு வந்துவிடும், அந்தக் காற்றில் தண்ணீர் எங்கே ஆவியாகும்? நீ கட்டிய கோணிச்சாக்கு பலிக்காததற்கு இதுதான் காரணம். தொட்டியைப் புதைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். குளிர் தேசத்துக்காரர்கள் புதைக்கிறார்கள், அவர்கள் மண்ணுக்கடியில் குளிர்ச்சி இருக்கிறது. உன் மண்ணில் ஓர் ஆள் ஆழம் போனாலும் 28 டிகிரி வாக்கில்தான் இருக்கும். அதுவும் லாபம்தான், ஆனால் ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது தொட்டியைத் தூக்கிவிடும். பாதிதான் புதை, தண்ணீரையும் குறையவிடாதே.

கடலூரில் சித்திரையில் தண்ணீர் 30க்குக் கீழே வராது. 31, 32இல் நிறுத்தினால் ஜிலேபி மீன் சௌகரியமாக இருக்கும். மீனைக் கொல்வது பெரும்பாலும் சூடு இல்லை செல்வம், மூச்சு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 35இல் ஏறக்குறைய 7தான். அதே நேரத்தில் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் தேவை கூடிக்கொண்டே போகும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோதுதான் எனக்குப் பகீரென்றது. அப்படிப் பார்த்தால் அன்று தீவனம் போடாதே. மற்ற நாளிலும் வெயில் ஏறுமுன் போடு, வழக்கத்தைவிடக் குறைத்துப் போடு. உன் போர் தண்ணீரின் பிஎச் 8 வேறு. அந்த பிஎச்சில் 25 டிகிரியில் மீன் கழிவிலிருந்து வருகிற மொத்த அம்மோனியாவில் 5 சதவீதம்தான் விஷமாக நிற்கும், 32இல் அது 8ஐத் தாண்டும். டெஸ்ட் கிட் போன மாதம் காட்டிய அதே எண்ணைக் காட்டினாலும் இப்போது அது ஆபத்து அதிகம்.

செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால் தண்ணீருக்குள் காற்றடிக்கிற ஏரேட்டர் ஒன்று பேட்டரியோடு வாங்கு, காற்றுக்கல் இரண்டு கூடுதலாகப் போடு. ஏரேட்டரை நிழலில் வை. மொட்டை மாடித் தகரத்துக்கடியில் வைத்தால் அது கொதிக்கிற காற்றைத்தான் உள்ளே தள்ளும்.

சரி, சில்லர் ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியாமல் இல்லை. பாண்டிச்சேரி ஹோட்டல்காரர் லெட்டூஸ் கேட்டிருக்கிறார். லெட்டூஸ் வேர் 25 டிகிரிக்கு மேல் போனால் பழுத்து வழவழவென்று அழுக ஆரம்பிக்கும், இலை கசக்கும். மார்கழி, தையில் போட்டுக் கொடு, வருஷா வருஷம் அந்த இரண்டு மாதம் உன்னுடையது. இப்போது வள்ளைக்கீரை, பொன்னாங்கண்ணி, பசலை, வெண்டை போடு. வெயிலைக் கண்டால் கொழிக்கிற ஜாதி. ஜல்லித் தொட்டியின் ஓரத்தில் கோவைக்கொடி வைத்துப் பந்தலில் ஏற்றிவிட்டால் அடுத்த வருஷம் கீற்றுச் செலவும் பாதியாகும். அடுத்த மீனுக்கு விரால் குஞ்சு யோசி. அது மேலே வந்து காற்றை நேராகக் குடிக்கும், ஆக்சிஜன் குறைந்தாலும் தாங்கும். அளவு பிரித்துத்தான் வளர்க்க வேண்டும், பெரியது சின்னதைத் தின்றுவிடும்.

இன்னும் பத்துத் தொட்டி போடுகிறேன் என்று எழுதியதற்கும் சேர்த்தே சொல்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருக்கிறாய், கையில் இருப்பதை எனக்கு மறைக்காமல் சொன்னாய். ஒரு கத்திரியை இந்த ஒரு தொட்டியோடு கடந்து பார். மே 4 தொடங்கி மாதக் கடைசிவரை. அதற்குமுன் கடன் வாங்காதே. உன் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கோடையின் கணக்கு உன் நோட்டில் இருந்தால், பத்தாவது தொட்டிக்கு நானே பணம் போடுகிறேன், கூட்டாகவே செய்வோம்.

இன்றிலிருந்து காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் தண்ணீர்ச் சூட்டைக் குறித்து வை. கீற்று போட்ட தேதியையும் பக்கத்தில் எழுது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு அனுப்பு. கணபதியின் மச்சான் பண்ருட்டியில் கீற்று வியாபாரம் செய்கிறார், நாளைக்கே உனக்குப் பேசச் சொல்லியிருக்கிறேன். விலையைக் கேட்டு மிரளாதே, பேரம் கணபதி பார்த்துக்கொள்வான். சித்ராவுக்கும் பையனுக்கும் என் அன்பு. கோவைக் குச்சியும் பொன்னாங்கண்ணித் தண்டும் கட்டி வைத்திருக்கிறேன், சித்திரை முதல் வாரம் பஸ் ஏறுகிறேன்.

உன்,
ராமு