தூக்க மாத்திரைக்கு முன் தமிழில் ஒரு சிகிச்சை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வயதானால் தூக்கம் குறையத்தான் செய்யும் என்று சொல்லிச் சொல்லியே, பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மையை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களாகத் தூக்கம் கெட்டுப் பகற்பொழுதும் பாதிக்கப்பட்டால் அதற்குச் சிகிச்சை தேவை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ஆம் ஆண்டிலேயே, மாத்திரைக்கு முன்னதாக, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தரப் பரிந்துரைத்தது. எந்தச் சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022ல், இதையே இணையவழி தரும் ‘ஸ்லீப்பியோ’வை ஏற்றுக்கொண்டது. தூக்க மாத்திரைகள் பலவும் முதியோருக்குத் தடுமாற்றத்தை உண்டாக்கி, இரவில் கழிவறைக்கு எழும்போது விழுந்து எலும்பு முறியும் அபாயத்தைக் கூட்டுகின்றன என்பதால், மாத்திரையில்லாத இந்தச் சிகிச்சை அவர்களுக்கே மிகவும் பொருந்தும்.

எழுபதைக் கடந்த என் மாமியார் ஆங்கிலச் செயலி ஒன்றின் வழி இதைத் தொடங்கினார். இரவு 9 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழும் அவர், அந்த ஒன்பது மணி நேரத்தில் ஐந்தரை மணி நேரமே தூங்குகிறார் என்று தூக்கக் குறிப்பேடு காட்டியது. ஆகவே நள்ளிரவு 12 முதல் 5.30 வரை மட்டுமே படுக்கை. படுத்திருக்கும் நேரத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் தூங்கத் தொடங்கினால்தான் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். தூக்கம் வராதவரைத் தாமதமாகப் படுக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றினாலும், சிகிச்சையின் உயிர்நாடியே இதுதான். முதல் சில வாரங்களில் அலுப்பு அதிகமாகும். அப்போது செயலி அனுப்பும் நினைவூட்டலை ஒரே தட்டலில் ஒதுக்கிவிடலாம். நலம் விசாரிக்கும் ஒரு குரலை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரவில் மனத்தை அலைக்கழிக்கும் எண்ணங்கள் எவை என்று செயலி கேட்டதை என் மகள்தான் தமிழில் சொன்னாள். “ஒண்ணுமில்லம்மா” என்றார் பாட்டி. மறைந்த கணவரைப் பற்றியும் தம் மரணத்தைப் பற்றியும் பேத்தியிடம் எந்தப் பாட்டி மனம் திறப்பார்? சிகிச்சையின் பாதி அங்கேயே நின்றுபோயிற்று.

எனவே, சிங்கப்பூரின் பலதுறை மருந்தகங்கள் (பாலிகிளினிக்) வழியாக, எழுத்தை மட்டும் நம்பாமல் தமிழ்க் குரலிலும் இயங்கும் சிகிச்சை ஒன்றைச் சுகாதார அமைச்சு வழங்க வேண்டும். பயிற்சி பெற்ற, தமிழ் பேசும் தாதி ஒருவர் வாரம் ஒருமுறை பத்து நிமிடமேனும் தொலைபேசியில் பேசட்டும். படுக்கை நேரத்தைக் குறைக்குமுன் உறக்க மூச்சுத்திணறல், வலிப்பு, அடிக்கடி விழும் இயல்பு ஆகியவை உண்டா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். பல ஆண்டுகளாக மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாமாகத் திடீரென நிறுத்தாமல், மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைக்கவும் இதே ஏற்பாடு உதவும்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்