தூக்குவாளியில் வந்த சீம்பால்

அன்புள்ள எங்கள் ஊர் உறவுகளுக்கு,

அப்பா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிறவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ராத்திரி கதவைத் தட்டியதும் வண்டியை எடுத்த தம்பி, ரத்தம் கொடுக்க வந்து நின்ற பிள்ளைகள், தங்கள் முறையை விட்டுக்கொடுத்து அறுப்பு மெஷினை எங்கள் வயலில் முதலில் இறக்கிய பங்காளிகள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. கொள்முதல் நிலையத்தில் கிடந்த எங்கள் நெல்லின் மேல், தூறல் விழுந்ததும் தங்கள் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தியவர்களை என்ன சொல்ல? ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை விற்க என்ன பாடு என்று தெரிந்தவர்கள்தானே நீங்கள்.

ஆனால் நான் முக்கியமாக எழுத நினைத்தது, எங்கள் வயலில் நாற்று நடுகிற நடவு அக்காவைப் பற்றி.

நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது கொட்டகையில் பசு நிறைமாதமாக நின்றது. அந்தக் கலவரத்தில் அதை யாரும் நினைக்கவில்லை. அக்கா தானாகவே வந்து இரண்டு ராத்திரி கொட்டகையிலேயே சாக்கை விரித்துப் படுத்திருக்கிறார். மூன்றாம் நாள் விடியலில் பசு கன்று போட்டது. இளங்கொடி என்கிற நஞ்சுக்கொடி விழும்வரை, மாடு அதைத் தின்றுவிடாமல் பக்கத்திலேயே காத்திருந்து, வைக்கோலில் சுற்றி எடுத்துப்போய் ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்திருக்கிறார். அப்புறம் சீம்பாலைக் கறந்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கிண்டி, தன் வீட்டுத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தஞ்சாவூருக்கே வந்துவிட்டார்.

அதுவரை எதையும் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டிருந்த அப்பா, மூடியைத் திறந்ததும் வாசனையில் கண்ணைத் திறந்தார். "கெடேரியா, காளையா?" என்றார். "கெடேரிதான் அண்ணே, நெத்தியில வெள்ளை" என்றார் அக்கா. டாக்டரைக் கேட்டுவிட்டு இரண்டு கரண்டி கொடுத்தோம். சாப்பிட்டார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

அந்த ஆலமரம் கஜா புயலில் பாதிக் கிளையை இழந்தும் நிற்கிற அதே மரம். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, இளங்கொடி கட்ட அப்பா என்னையும் கூட்டிப் போவார். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் வற்றாது என்பார். புது ஆற்றில், அதுதான் கல்லணைக் கால்வாயில், தண்ணீர் வந்து நடவு தொடங்கினால் நானும் பாவாடையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிடுவேன். நாற்றுமுடியைப் பிரித்து என் கையில் கொடுத்து, "ஆழமா ஊனாத பாப்பா, மேலாக்க வையி, அப்பதான் தூர் கட்டும்" என்று விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவர் இந்த அக்காதான்.

அந்த நாட்களில் அவருக்கு எங்கள் வீட்டில் கொல்லைப்பக்கம்தான் காபி. தனி டம்ளர். குடித்துவிட்டு அவரே கழுவி, வேலி ஓரம் கவிழ்த்து வைப்பார். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தேன். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தத் தூக்குவாளி என் கையில் இருந்தபோது எனக்கு அந்த டம்ளர்தான் கண்ணில் நின்றது. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததால் அது இல்லை என்று ஆகிவிடுமா? மன்னித்துவிடுங்கள் அக்கா. இதை உங்கள் பேத்தி படித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன்.

இனி எங்கள் வீட்டில் உங்களுக்குக் கொல்லைப்பக்கம் கிடையாது. வாசல் வழியாக வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அடுத்த நடவுக்கு லீவு போட்டுவிட்டு வருகிறேன், உங்கள் பக்கத்திலேயே நிரை பிடிக்கிறேன். கை மறந்திருந்தால் திட்டுங்கள்.

தூக்குவாளி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்று அம்மா வைத்திருக்கிறார். நீங்கள் எல்லோரும் சேர்ந்து நனையாமல் காப்பாற்றிய நெல்லில் வீட்டுக்கென்று எடுத்து வைத்த மூட்டை நாளைக்கு மில்லுக்குப் போகிறது. புது அரிசி வந்ததும், தலைதட்ட நிரப்பி, நானே கொண்டுவந்து தருகிறேன்.