குன்றுகளுக்குப் பொருளகராதி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நவீனத்துவச் சிறுகதைகளில் இயற்கை குறியீடாக அமைவது பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையை வரவேற்கிறேன். ஆயினும், ஏர்னஸ்ட் ஹெமிங்வேயின் ‘வெள்ளை யானைகளைப் போன்ற குன்றுகள்’ (1927) என்ற கதையை விளக்குமிடத்து, குன்று என்றால் கருவிலுள்ள குழந்தை, ஆறு என்றால் வாழ்வு, வறண்ட நிலம் என்றால் மலட்டுத்தன்மை என்று கட்டுரையாளர் பொருள் வகுத்திருப்பதை ஏற்க இயலவில்லை. உயர்தர மாணவர்கள் இதை மனப்பாடம் செய்துகொண்டு கதையை வாசிக்காமலே விட்டுவிடுவார்கள்.

ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில், இருபுறமும் தண்டவாளங்கள் ஓடும் ஒரு புகையிரத நிலையத்தில் அக்கதை நிகழ்கிறது. ரயிலுக்காகக் காத்திருக்கும் ஓர் ஆண், கருவைக் கலைத்துவிடுமாறு தன்னுடன் வந்த பெண்ணை இணங்கவைக்க முயல்கிறான். ஒருபுறம் மரமோ நிழலோ இல்லாத வெளி. மறுபுறம் தானிய வயல்களும் ஆற்றங்கரை மரங்களும். குன்றுகள் வெள்ளை யானைகளைப் போலிருப்பதாகச் சொல்லும் பெண்ணே, சற்று நேரத்தில், அவை உண்மையில் அப்படித் தோன்றவில்லை என்று தன் உவமையைத் திரும்பப் பெறுகிறாள். கட்டுரையாளர் இந்த இடத்தைத் தொடவேயில்லை. பாத்திரமே கைவிட்டுவிட்ட ஒன்றுக்கு நிலையான பொருளை நாம் எப்படிச் சுமத்துவது? பின்னர் அவள் எழுந்து நிலையத்தின் கோடிவரை நடந்து சென்று மறுபுறத்தைப் பார்க்கிறாள். வயலின் மேல் ஒரு மேகநிழல் நகர்கிறது. அவனோ அவளை நிழலுக்குத் திரும்பி வருமாறு அழைக்கிறான். மீண்டும் அமர்ந்தபின் அவள் வறண்ட பக்கத்துக் குன்றுகளைப் பார்க்க, அவன் அவளையும் மேசையையும் பார்க்கிறான். கருக்கலைப்பு என்ற சொல் ஓரிடத்திலும் வராத அந்தக் கதையில் இருவருக்குமிடையிலான பிளவை நமக்குக் காட்டுவது, யார் எதைப் பார்க்கிறார் என்பதே.

இலங்கையின் மலையகத்தவருக்கு இது புதிதன்று. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் பட்டிப்பொலையில் மழையில் நனைந்தபடி புறப்படும் ரயில், சுரங்கத்தைக் கடந்து ஒஹியாப் பக்கம் வெளிப்படும்போது வெயில் அடிப்பதுண்டு. எனினும் அந்த வெயிலை நம்பிக்கை என்றும் அந்த மழையைத் துயரம் என்றும் எழுதிவிட்டால் அது கதையாகிவிடாது.

நம்மவர் கதைகள் பலவற்றில், சோகம் வரப்போகிறது என்று அறிவிப்பதற்காகவே முதற் பத்தியில் பனிமூட்டம் இறங்குகிறது (சில நல்ல கதைகளும் இதற்கு விலக்கல்ல). தேயிலைத் தோட்டத்தில் மழை செய்யும் வேலை வேறு. நனைந்த கொழுந்தை நிறுக்கும்போது தண்ணீருக்கென்று சில கிலோ கழிக்கப்படும். கழித்தபின் நிறை குறைந்தால் முழுப்பேர், அதாவது முழுநாட் கூலி, அரைப்பேராகும். அந்தத் தராசின் முன் நிற்கும் பெண் எந்த மழையைப் பார்க்கிறாள் என்பதை எழுதுபவருக்குக் குறியீட்டைத் தனியே தேட வேண்டியிராது.

தங்கள் இலக்கியப் பக்கத்தில் இனி இத்தகைய கட்டுரைகள் வரும்போது, விளக்கத்தோடு கதையின் ஒரு பகுதியையாவது தமிழில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அப்புத்தளை.