'வீட்டுலதான் இருக்கேன் டீச்சர்'

ஆசிரியருக்கு வணக்கம்.

2011 பிப்ரவரியில் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்குப் போனேன். அப்போது நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஒரு வீட்டில், "என்ன வேலைம்மா பார்க்கறீங்க?" என்று கேட்டதும், "வேலையெல்லாம் ஒண்ணுமில்ல, வீட்டுலதான் இருக்கேன் டீச்சர்" என்றார் அந்த அம்மா. முழங்கை வரை பச்சைச் சாணம். விடியற்காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, வயலில் உளுந்து எப்படி முளைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மூன்று மா நிலத்தையும், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கரையும், பார்த்துக்கொள்வது இவர்தான்.

அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் என்ன ஆகும்? கணவர் 'இதர தொழிலாளர்', அதாவது விவசாயம் அல்லாத வேலை பார்ப்பவர்; மனைவி வேலை செய்யாதவர். நிலம் இருக்கும், உழுபவர் கணக்கில் இருக்க மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து மறுபடி மறுபடி கேட்டு, 'சாகுபடியாளர்' என்று எழுதினேன். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

1951இல் நாட்டின் உழைப்பாளிகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தார்கள். 2011இல் அது 55 சதவீதம். 2001இல் 12.7 கோடியாக இருந்த சாகுபடியாளர்கள் பத்தே ஆண்டில் 11.9 கோடியாகக் குறைந்தார்கள். விவசாயக் கூலிகளோ 10.7 கோடியிலிருந்து 14.4 கோடி ஆனார்கள். சொந்த நிலத்தில் பாடுபடுகிறவர்களை விடக் கூலிக்குப் போகிறவர்கள் அதிகமானது நாட்டுக் கணக்கில் அப்போதுதான் முதல் தடவை. இதைப் படித்தபோதெல்லாம் அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வரும். சாணக் கையோடு நின்ற எத்தனை பேர் 'வீட்டில் இருப்பவர்' ஆகிவிட்டார்களோ!

அடுத்த கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில். இந்த முறை கைபேசிச் செயலி. சரி, நல்லதுதான். ஆனால் இரண்டு தட்டில் முடிகிற கேள்வி இல்லை இது. கணக்கெடுக்கப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வீட்டுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடமாவது கொடுங்கள். "வேலை உண்டா?" என்று மட்டும் கேட்காமல், "காலையிலிருந்து என்னென்ன செய்தீங்க?" என்று கேட்கப் பயிற்சியில் சொல்லிக்கொடுங்கள். சம்பளம் வாங்காமல் சொந்த வயலில் உழைப்பதும் வேலை என்று அரசின் விதியே சொல்கிறது. அதை டெல்டா கிராமங்களில் தண்டோரா போட்டாவது முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அப்புறம் ஒன்று: முடிந்தவரை அந்த வீட்டுப் பெண்ணிடமே கேளுங்கள், மாமனாரிடம் அல்ல.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
மன்னார்குடி.