கல் தேடுவோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் நான் கல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இந்த ஆண்டு செயற்குழுவில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்துக்கொண்ட விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த ஊர், யார் காடு (நிலம்), எந்தத் தேதி என்று எழுதிய சீட்டு இல்லாத கல்லை இனி மாதக் கூட்டத்து மேஜையில் வைப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். சிலருக்கு இது கெடுபிடியாகப் பட்டது, பொழுதுபோக்குக்கு வந்த இடத்தில் என்ன அலுவலக வேலை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் இந்த அறிக்கை முழுக்க இருக்கிறது.

கரூரிலிருந்து காங்கேயம் வரைக்கும் நீளும் இந்தப் பட்டையில் நாம் இருப்பது பெரிய கொடுப்பினை. அடியில் இருப்பது மிகப் பழைய பாறை. அதன் வெடிப்புகளில் பெக்மடைட் நரம்புகள் ஓடுகின்றன. நீர் மிகுந்த உருகிய குழம்பு ஆறி, படிகங்கள் பெரிதாக வளர்ந்த இடங்கள் இவை. சந்திரகாந்தம், அக்வாமரின், ஐயோலைட், கார்னெட், கெம்பு, செவ்வந்திக்கல் என்று நம் வட்டாரத்தில் கிடைப்பவற்றை அடுக்கினால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் 1819-20 வாக்கிலேயே ஹீத் என்ற ஆங்கிலேயர் அக்வாமரினுக்காகச் சுரங்கம் போட்டார். அதற்கும் பதினேழு பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு ரோமானியரான பிளினி, பெரில் கல் (அக்வாமரின் இதில் ஒரு வகை) இந்தியாவில்தான் கிடைக்கிறது, வேறெங்கும் அரிது என்று எழுதி வைத்தார்.

இந்த ஆண்டும் நம் வெளிப்பயணங்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகுதான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காரணம் சொல்கிறேன். கோடையில் கல் முழுக்கச் செம்மண் பூசிக்கொண்டு எல்லாம் ஒரே நிறத்தில் கிடக்கும், இரண்டு நல்ல மழை பெய்தால் மண் கழுவப்பட்டு வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) வெள்ளையாகவும் காக்காப்பொன் (மைக்கா) மினுக்கிக்கொண்டும் மேலே வந்துவிடும். இந்த இரண்டும் பெல்ட்ஸ்பார் என்ற கனிமமும் சேர்ந்து பெரிய பெரிய துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் இடம்தான் பெக்மடைட் நரம்பின் தலை. அங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குள்ளோ மாலை நாலு மணிக்கு மேலோ, சூரியனை எதிரே வைத்துக்கொண்டு நடங்கள். வெயில் உச்சியில் இருந்தால் ஒளி ஊடுருவும் கல்லும் ஊடுருவாத கல்லும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வெள்ளகோவில் பக்கம் ஒரு கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், நம் உறுப்பினர் ஒருவர் (பகலெல்லாம் விசைத்தறி ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெயிலைப் பார்க்கிறார்) எடுத்த சந்திரகாந்தத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கட்டைவிரல் நகத்தளவு, மேலே அழுக்கு மஞ்சள் தோல், யாரும் தாண்டிப் போய்விடும் கல். தண்ணீரில் நனைத்து மெதுவாகச் சாய்த்தார், ஒரு குறிப்பிட்ட கோணம் வந்ததும் உள்ளேயிருந்து நீலம் கலந்த பால்வெளிச்சம் எழுந்து கல்லின் ஓரம்வரை நகர்ந்து போனது, இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் முழுக்க அணைந்துவிட்டது. ஆறும்போது பெல்ட்ஸ்பாரின் இரண்டு வகைகள் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகளாக மாறி மாறிப் படிந்திருப்பதால் வரும் ஒளி அது. கல்லைத் துண்டில் துடைத்த கையோடு, காட்டின் பெயர், தேதி, எந்த வெங்கச்சங்கல் குவியலுக்குப் பக்கத்தில் என்பதுவரை சீட்டில் எழுதிவிட்டார். அந்தச் சீட்டை வைத்துத்தான் அடுத்த மாதம் மூன்று பேர் அதே சரிவில் போய், நரம்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். சீட்டு இல்லாமல் இருந்திருந்தால் அது ஒரு அழகான கல், அவ்வளவுதான்.

கொறங்காட்டுக்காரர்களைப் பற்றி. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமுமாகத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வரும் மேய்ச்சல் நிலம் அது. படலைத் திறந்து உள்ளே போகும் முன் அனுமதி கேட்பதும் திரும்பும்போது படலைச் சாத்துவதும் நம் சங்கத்தின் முதல் விதி. ஒரு பெரியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கல்லு பொறுக்கிக்குங்க சாமி, ஆனா குழி போட்டுட்டு மட்டும் போயிடாதீங்க, குட்டி போட்ட ஆடு ராத்திரி விழுந்துருமுங்க." எங்கோ இருந்து வந்த யாரோ இடுப்பளவு குழி பறித்துவிட்டுப் போன காட்டில் நின்றுகொண்டுதான் அவர் இதைச் சொன்னார். கடப்பாரை, மண்வெட்டி கொண்டுவருபவர்களை நம் பயணத்தில் சேர்க்க மாட்டோம். மேலே கிடப்பதை மட்டும் எடுப்போம்.

சட்டமும் அந்தப் பக்கம்தான். 2015 பிப்ரவரியில் மத்திய அரசு 31 கனிமங்களைச் சிறுகனிமங்களாக அறிவித்தது. அகேட் (வரி வரியான கல்), ஜாஸ்பர், குருந்தம் (கெம்பு இந்த இனம்) எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, அவற்றுக்கான விதிகளை மாநில அரசுதான் போடுகிறது. அனுமதி இல்லாமல் தோண்டி எடுப்பது நாலு பேர் செய்தாலும் நானூறு பேர் செய்தாலும் சட்டவிரோதச் சுரங்கம்தான். தயவுசெய்து யாரும் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொடுமணல் பயணத்துக்கு வருகிறேன். நொய்யலின் வடகரையில் இருக்கும் இந்த ஊர் பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிறது. 1980களிலிருந்து பல கட்டமாக நடந்த அகழாய்வில் கல்மணி செய்த பட்டறையே வெளியே வந்தது. வெட்டாத கல், பாதி தேய்த்த மணி, துளை போடும்போது உடைந்த மணி, கழிவுச் சில்லு என்று ஒவ்வொரு நிலையும் கிடைத்திருக்கிறது. பெரிலும் பளிங்கும் (நிறமில்லாத குவார்ட்ஸ்) நீலக்கல்லும் இந்த வட்டாரத்தில் கிடைப்பவை. ஆனால் அகேட்டும், அதே இனத்துச் சிவப்புக் கல்லான சூதுபவளமும் நம் பாறையில் விளைவதில்லை, குஜராத், மகாராஷ்டிரப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்கள் கருத்து.

அங்கே நாம் எதையும் எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டோம். உழுத காட்டில் மழைக்குப் பிறகு மணி கிடப்பதைப் பார்க்கும்போது கை பரபரக்கும், எனக்கும் தெரியும். ஆனால் அது கல் அல்ல, தொல்பொருள், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அதற்குப் பொருந்தும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அந்த மணி எதையுமே சொல்லாது. தொல்லியல்காரர்கள் ஒவ்வொரு சில்லுக்கும் சீட்டு எழுதி வைத்ததால்தான் எந்தக் கல் உள்ளூர், எந்தக் கல் வெளியூர் என்று இன்றைக்கு நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். செயற்குழுவில் சீட்டு விஷயத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இந்தப் பயணம்தான் காரணம்.

அகேட் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவே சிலர் சொந்தச் செலவில் குஜராத் போனோம். பரூச் மாவட்டத்து ரத்தன்பூரில் கல் எடுப்பார்கள், கம்பாத்தில் மணியாக்குவார்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தக்காணத்தில் வழிந்த எரிமலைக் குழம்பில் காற்றுக்குமிழிகள் இருந்த இடங்களில் சிலிக்கா கலந்த நீர் ஊறி ஊறிப் படிந்ததுதான் அகேட்டின் வரிகள். பாறை அரித்துப் போன பிறகும் அகேட் உருண்டைகள் கெட்டியாக நின்று, சரளைப் படுகையில் சேர்ந்துவிட்டன. வெளியே பார்த்தால் உருளைக்கிழங்கு மாதிரி, உடைத்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும்.

கம்பாத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் வேலை செய்பவர் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். தரையில் கூரான இரும்புக் கம்பி ஒன்று சாய்வாக நடப்பட்டிருந்தது. அதன் முனையில் கல்லைத் தொட்டும் தொடாமலும் பிடித்து, எருமைக் கொம்பு வைத்த சுத்தியலால் எதிர்ப்பக்கம் தட்டுகிறார். சில்லு கம்பி முனையிலிருந்து தெறிக்கிறது, அடி விழுந்த பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. கையில் கல் நொடிக்கு நொடி திரும்பிக்கொண்டே இருக்கிறது. மங்கலான பழுப்புக் கல்லை வெயிலில் மாதக்கணக்கில் காயவைத்து, பிறகு பானையில் வைத்துப் புடம் போட்டால் உள்ளே இருக்கும் இரும்பு நிறம் மாறிச் சூதுபவளச் சிவப்பு வந்துவிடும். இந்தச் சிவப்பும் தட்டும் முறையும் பல்லாயிரம் ஆண்டுப் பழையவை.

அங்கே பார்த்த இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அகேட் தேய்க்கும்போது பறக்கும் தூசி சிலிக்கா. அது நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. கம்பாத்தில் தேய்ப்பு வேலை செய்யும் குடும்பங்கள் பல இதனால் அழிந்திருக்கின்றன. ஊர் திரும்பியதும் நம் பட்டறையில் உலர்ந்த கல்லைச் சாணை பிடிப்பதை முழுக்க நிறுத்திவிட்டோம். தண்ணீர் சொட்டாமல் சக்கரம் ஓடக்கூடாது, முகக்கவசம் இல்லாமல் யாரும் உட்காரக்கூடாது, தரையைப் பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இதில் வயது, அனுபவம் என்று யாருக்கும் விலக்கு இல்லை.

உருட்டி மெருகேற்றும் டிரம்மை லேத் பட்டறை வைத்திருக்கும் உறுப்பினர் செய்து கொடுத்தார், அவருக்குச் சங்கத்தின் நன்றி. சிலிக்கன் கார்பைடு பொடியை முரடு, நடுத்தரம், நைஸ் என்று ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் மெருகுப் பொடியான சீரியம் ஆக்சைடு. ஒவ்வொரு கட்டத்துக்கும் கிட்டத்தட்ட ஒரு வாரம். நடுவில் கல்லையும் டிரம்மையும் நன்றாகக் கழுவாவிட்டால் முரட்டுப் பொடி ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் மெருகு வராது. கழுவும் நீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், சிமென்ட் மாதிரி இறுகி அடைத்துவிடும்.

மாதக் கூட்டங்களில் அதிகம் பேருக்குப் பிடித்தது அடர்த்தி பார்க்கும் வகுப்பு. ஆறு பட்டை உள்ள கல் என்றதும் சிலர் பெரில் என்கிறார்கள், சிலர் குருந்தம் என்கிறார்கள், குவார்ட்ஸுக்கும் ஆறு பட்டைதான். வீட்டில் இருக்கும் டிஜிட்டல் தராசு போதும். முதலில் கல்லை எடை போடுங்கள். பிறகு தம்ளரில் தண்ணீர் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. 20 கிராம் கல், தண்ணீரில் 5 கிராம் காட்டினால் 4, அது குருந்தத்தின் கணக்கு. குவார்ட்ஸ் 2.65தான் வரும். பெரில் 2.7 பக்கம் என்பதால் அதற்கும் குவார்ட்ஸுக்கும் இந்தத் தராசு தீர்ப்புச் சொல்லாது, கடினத்தைப் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கும் கல் பற்றியும் ஒரு வார்த்தை. அடர்நீலம், ரோஸ் நிறத்தில் இயற்கை அகேட் என்று உறுப்பினர் ஒருவருக்கு நல்ல விலைக்கு விற்றிருக்கிறார்கள். அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்தபோது பஞ்சில் ரோஸ் இறங்கியது, லென்ஸில் பார்த்தால் வெடிப்புகளில் சாயம் திட்டுத் திட்டாக நின்றது. அகேட்டின் அடுக்குகள் சாயத்தை உறிஞ்சும் என்பதால் உலகம் முழுக்க இது நடக்கிறது. சாயம் போட்டது என்று சொல்லி விற்றால் தப்பே இல்லை, சொல்லாமல் விற்பதுதான் ஏமாற்று.

பள்ளி நிகழ்ச்சிகள் நன்றாக நடந்தன. ஐயோலைட்டை ஒரு பக்கம் பார்த்தால் ஊதா, திருப்பிப் பார்த்தால் வெளிர் மஞ்சள் என்றதும் பிள்ளைகள் வரிசையைக் கலைத்துக்கொண்டு மேஜைக்கு வந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டும் தொடர்வோம். திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று தலைவர் விரும்புகிறார். மரம் முழுக்கச் சிலிக்காவாக மாறி நிற்பதை நம் ஆட்கள் அவசியம் பார்க்க வேண்டும். அது பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு துணுக்கும் எடுக்கக்கூடாது என்பதை வண்டி ஏறும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

சீட்டுப் புத்தகம் அச்சடித்து வந்துவிட்டது, உறுப்பினருக்கு ஒன்று இலவசம். வீட்டில் டப்பா டப்பாவாகப் பழைய கல் வைத்திருப்பவர்கள் இடம் நினைவில் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதத் தொடங்குங்கள், மூத்தவர்கள் முக்கியமாக. இடம் நினைவில்லாத கற்களைத் தூக்கிப் போட வேண்டாம், அவை டிரம்முக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உதவும். அடுத்த பயணம் சிவன்மலைப் பக்கம், முதல் நல்ல மழை விட்ட ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காங்கேயம் பேருந்து நிலையத்தில் கூடுகிறோம். தொப்பி, தண்ணீர், லென்ஸ், சீட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்